அடி வாங்குகிற காமெடியும் உதவிக்கு ஓடுகிற கதையும்: பழைய டெக் கடைக்காரர் ஒருவரின் பதில்

ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, மகளுக்கு ஒன்பது. இரண்டு பேரும் ஒரே போனை வைத்துக்கொண்டு இரண்டே வகை வீடியோவைத்தான் பார்க்கிறார்களாம். ஒன்று, யாராவது வழுக்கி விழுகிற, தலையில் அடி வாங்குகிற பழைய காமெடி. இன்னொன்று, வெள்ளத்திலோ விபத்திலோ சம்பந்தமே இல்லாத ஆட்கள் ஓடி வந்து உதவுகிற கதை. நூறு தடவை பார்த்ததையே நூற்றியோராவது தடவையும் பார்க்கிறார்கள், இது ஏன் சலிப்பதே இல்லை, ரசனை மழுங்கிவிட்டதா என்று கேட்கிறார்.

மழுங்கவெல்லாம் இல்லை. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கோத்தகிரிப் பக்கம் டெக் வாடகைக்கு விட்ட பதினைந்து வருடத்தில் கற்றதுதான். டெக் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்: வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டி. அதோடு ஒரு கலர் டிவி, ஒரு மூட்டை வயர், எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் லயங்களுக்கும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) படுகர் ஹட்டிகளுக்கும் (படுகர் மக்களின் ஊர்கள்) போவோம். கல்யாணம், திருவிழா, தீபாவளி போனஸ் வந்த வாரம் என்று ஏதாவது ஒரு சாக்கு. ஓர் இரவுக்கு மூன்று படம். வரிசை எழுதப்படாத சட்டம்: முதலில் சாமி படம், அப்போது பாட்டிகள் முன்வரிசை. அடுத்து சண்டைப் படம். மூன்றாவது, ராத்திரி இரண்டு மணிக்கு மேல், கட்டாயம் காமெடி. ஏனென்றால் டிசம்பரில் அந்த நேரத்துக்கு வெளியே புல் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும், கம்பளிக்குள் இருக்கிற சூட்டுக்கு யாரானாலும் கண் சொருகும், விடியும்வரை காசு கொடுத்திருக்கிறார்கள், தூங்கவிடக் கூடாது. ஒருமுறை புத்திசாலித்தனமாக ஒரு அருமையான குடும்பப் படத்தை மூன்றாவதாகப் போட்டேன். இடைவேளைக்குள் நானும் ஒரு நாயும்தான் முழித்திருந்தோம்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு முதல் பாதி பதில் கிடைத்துவிடும். தமிழ், படுகு, மலையாளம், கன்னடம், இலங்கையிலிருந்து திரும்பி அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் மலையகத் தமிழ், எல்லாம் ஒரே டிவி முன்னால். வசனக் காமெடிக்கு இந்தப் பக்கம் ஒரு அலை சிரிக்கும், விளக்கம் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் ஒரு அலை தாமதமாகச் சிரிக்கும். ஒருத்தன் பின்னால் பார்க்காமல் நடந்து கிணற்றில் விழுந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் சிரிக்கும், காது கேட்காத கிழவி உட்பட.

ஆனால் 'உடம்புக்கு மொழி தேவையில்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மைதான். மொழி தேவைப்படாத விஷயம் எத்தனையோ இருக்கிறது, எல்லாமா நூறு தடவை பார்க்க முடிகிறது?

இந்த அடி வாங்குகிற காமெடிக்கு ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர். அந்தச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் கையில் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். இரண்டு மெல்லிய பலகைகளைச் சின்ன இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டியது. லேசாகத் தட்டினாலே படார் என்று சத்தம் வரும், அடி வாங்கியவனுக்கு வலிக்காது. அவ்வளவுதான் மொத்த ரகசியமும்: சத்தம் பெரிது, வலி சின்னது. நம் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் மாற்றி மாற்றி அடித்துக்கொள்வது இதே கணக்கில்தான். ராமாயணம் நடுவில் நின்றுபோனாலும் பரவாயில்லை, அவர்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்று குழந்தைகள் காத்திருப்பார்கள்.

இதைத் தொல்காப்பியம் வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. உணர்ச்சிகள் உடம்பில் தெரிவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில், நகை, அதாவது சிரிப்பு, நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் கேலி. இளமை என்றால் குழந்தைத்தனம், நடை பழகும் பிள்ளை தொப்பென்று உட்காருவது போல. பேதைமையும் மடனும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் உரைகாரர்கள் பிரிக்கிறார்கள். பேதைமை வெறும் அறியாமை. மடன் என்பது 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை', அதாவது ஒருத்தர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் இருப்பது. இதைப் படித்தபோது எனக்கு உடனே 1989-இல் வந்த கரகாட்டக்காரனின் வாழைப்பழம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்றால் அதுதான் இது. எப்படிக் கேட்டாலும் அதுதான் இது. அவர் ஏமாற்றுகிறாரா நிஜமாகவே நம்புகிறாரா என்பது இன்றுவரை தெரியவில்லை, கவுண்டமணிக்கும் தெரியவில்லை, அதனால்தான் அந்தக் கோபம். மடனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த உரையிலும் இருக்காது.

நான்கில் சீக்கிரம் பழையதாகிப்போவது எள்ளல்தான். என் கடையில் இருந்த கேசட்டுகளில் நிறத்தை, உடம்பை, சொட்டைத் தலையை, பெண்களை வைத்து அடித்த கிண்டல்கள் அன்றைக்குக் கைதட்டு வாங்கியவை. இன்று என் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தால் நானே ரிமோட்டைத் தேடுகிறேன். விழுவதும், விடாப்பிடியும், குழந்தைத்தனமும் அப்படியே இருக்கின்றன. உங்கள் அப்பாவும் மகளும் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சிகளைக் கவனியுங்கள், பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும்.

சரி, விழுவதற்கு வருவோம். நல்ல விழுதலில் ஆச்சரியம் இருக்காது. விழப்போவது நமக்கு முன்னாலேயே தெரியும், விழுகிறவனுக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் நூறாவது தடவையும் வேலை செய்கிறது. சஸ்பென்ஸ் படம் முடிச்சு தெரிந்தால் செத்துப்போகும், இதில் முடிச்சு தெரிந்தால்தான் உயிர் வரும். ஊமைப்படக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் 1928-இல் ஒரு வீட்டின் முன்சுவரை அப்படியே தன் மேல் சாயவிட்டார். மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கிற இடத்தில் வந்து இறங்க, சுவர் தரையில் படுத்துவிடுகிறது, ஆள் அசையாமல் நிற்கிறார். நிஜச் சுவர். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தும் ஒவ்வொரு முறையும் தோளைக் குறுக்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று 1932-இல் வந்த லாரல் ஹார்டியின் குறும்படம். ஒரு பியானோவை நீளமான படிக்கட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றும்போதெல்லாம் கீழே உருண்டு வந்துவிடும், அவ்வளவுதான் கதை. ஆஸ்கர் வாங்கிய படம். இது மலைக்காரர்களுக்காகவே எடுத்தது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். குன்னூரில் படிக்கட்டுச் சந்தில் வீடு பிடித்தவர்களைக் கேளுங்கள். என் மைத்துனர் வீட்டுக்கு ஒரு பீரோ ஏற்றினோம், நான்கு பேர், எண்பது சொச்சம் படி. பாதி வழியில் மேலிருந்து ஒரு கேஸ் சிலிண்டர்காரர் இறங்கி வருகிறார். அவர் திரும்பி ஏற முடியாது, நாங்கள் திரும்பி இறங்க முடியாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பீரோவைச் சாய்த்தோம், அந்த வீட்டு அம்மா உள்ளே, கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அந்த அம்மா கதவை முட்ட, பீரோ எங்களை முட்ட, ஒருத்தர் கால் தவறிச் சாக்கடையில் ஒரு காலை விட்டுவிட்டார். யாருக்கும் அடியில்லை. சந்து முழுக்க ஜன்னல் திறந்து சிரித்தது. அப்புறம் சிரித்த வீடுகளிலிருந்தே மூன்று பேர் இறங்கி வந்து பீரோவுக்குத் தோள் கொடுத்தார்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் வேறுவேறு ரசனை என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே சம்பவத்தின் முன்பாதியும் பின்பாதியும் என்றுதான் படுகிறது. ஒருத்தர் விழுகிறார், அவரே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டால் காமெடி. அவரால் எழ முடியவில்லை, யாரோ ஓடி வந்து தூக்கினால் அது மற்றக் கதை. இரண்டிலும் நாம் பார்க்க விரும்புவது விழுந்தவர் மறுபடி நிற்பதைத்தான். தொல்காப்பியம் இந்த இரண்டாவதுக்கும் இடம் வைத்திருக்கிறது: பெருமிதம் என்ற மெய்ப்பாடு கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கால் வரும் என்கிறது. தறுகண் என்றால் அஞ்சாமை. வெள்ளத்தில் இறங்குகிறவனைப் பார்க்கும்போது நெஞ்சு விரிகிறதே, அந்த இடம். ஜோனதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதே உணர்வை ஆராய்ந்திருக்கிறார்: அடுத்தவர் நல்லது செய்வதைப் பார்க்கும்போது நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு வருகிறது, நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது என்கிறார்.

நம் மாவட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 8, குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் மூடுபனியில் விழுந்து எரிந்தது. முதலில் ஓடியவர்கள் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள். குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள், ஸ்ட்ரெச்சர் இல்லாத இடத்தில் வீட்டிலிருந்த கம்பளியைக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்த பதினான்கு பேரில் யாரும் கடைசியில் பிழைக்கவில்லை. இருந்தும் அந்தக் கதையைச் சொல்லாதவர் இங்கே இல்லை. ராணுவம் அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள், ஆனால் சொல்லும்போது குரல் இறங்குவது கம்பளி என்ற சொல் வருகிற இடத்தில்தான். இந்தக் குளிரில் கம்பளி என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் கூடுதலாக இருக்கிற பொருளில்லை அது.

2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் கூடலூர் செவிலியர் சபீனா செய்ததும் அப்படித்தான். சூரல்மலையில் பாலம் போய்விட்டது, அக்கரையில் அடிபட்டவர்கள் கிடக்கிறார்கள், நடுவில் கரைபுரண்டு ஓடுகிற ஆறு. கம்பியில் தொங்கிக்கொண்டு போக ஆண் செவிலியரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, நான் போகிறேன் என்று மருந்துப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். அந்த ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர் ஆற்றின் மேல் தொங்கிப் போகிற வீடியோவை உங்கள் மகள் கட்டாயம் பார்த்திருப்பாள். அதே போல் கயிற்றில் தொங்கிக் கை கால் உதறுகிற காட்சி நூறு காமெடிப் படத்தில் இருக்கிறது. உடம்பு இருக்கிற நிலை இரண்டிலும் ஒன்றுதான்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2009 நவம்பர் மழை. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது, மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், ரோடுகள் அறுந்து போயின. டெக் தொழில் அதற்கு முன்பே படுத்துவிட்டது, ஆனால் பழைய சிநேகத்தில் எந்த லயத்துக்கு எந்தக் குறுக்குப் பாதை என்று எங்களுக்குத் தெரியும். ஏழு பேர் நடந்தோம். என்னோடு டெக் தூக்கிய பையன், அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது ஆனாலும் பையன்தான், தலையில் ஒரு மூட்டை பிரட். தேயிலைக்கு நடுவில் செங்குத்துப் பாதை, வெண்ணெய் மாதிரிச் சேறு. எதிர்ச் சரிவில் வீட்டை இழந்த சனம் பள்ளிக்கூட வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பையன் வழுக்கினான். விழவில்லை, உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே சறுக்குமரத்தில் போவது போல நாற்பது அடி போனான், இரண்டு கையும் மேலே, கையில் மூட்டை. கீழே ஒரு தேயிலைச் செடியில் போய் முட்டி நின்றான். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் இல்லை. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான்: "பிரட்டுக்கு ஒண்ணும் ஆகல!"

நான்கு நாளாக அழுதுகொண்டிருந்த கூட்டம் அது. சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் வழியச் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு கிழவிகள் இறங்கி வந்து அவனைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் சேற்றைத் துடைத்து, "இந்த மழையில எதுக்குடா வந்த" என்று திட்டினார்கள். உதவ வந்தது நாங்கள், தூக்கிவிட்டது அவர்கள். நாங்கள் கொண்டுபோன பிரட் அன்று ராத்திரியே தீர்ந்துவிட்டது. அந்த ஊரில் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கேட்பது பிரட்டைப் பற்றியல்ல, பையன் எப்படி இருக்கிறான் என்றுதான்.

அதே வாரத்தில் இன்னொன்றும் பார்த்தேன். ஒரு குழு வந்தது, எந்தக் குழு என்பது வேண்டாம். ஒரு பேனர், ஒரு போட்டோகிராபர், ஒரே ஒரு போர்வை, அதைப் பிடித்தபடி ஒன்பது கை. வாங்குகிற அம்மாவை இரண்டு முறை திரும்பி நிற்கச் சொன்னார்கள், முதல் படத்தில் பேனர் விழவில்லையாம். அந்தக் கதையை யாரும் இரண்டாவது முறை சொல்வதில்லை, சொன்னாலும் காமெடியாகத்தான் சொல்கிறார்கள். உதவுகிறவர் கொஞ்சமும் தடுமாறாமல் பளபளவென்று வந்து நின்றால் அந்தக் கதை ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

மகள் விஷயத்தில் உருப்படியாக ஒன்று சொல்கிறேன். போனில் வருகிற உதவி வீடியோக்களில் நிறைய ஜோடிப்பு. குழியில் நாய்க்குட்டி, வழியில் போகிறவர் தற்செயலாகக் காப்பாற்றுகிறார், ஆனால் குழிக்குள்ளேயே ஒரு கேமரா இருக்கிறது. அந்தக் கேமராவை அங்கே வைத்தது யார் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்குப் புரியும். பிராங்க் வீடியோவுக்கும் இதே சோதனை. தெரியாத ஆளைத் தள்ளிவிட்டுச் சிரிப்பதில் அந்த இரண்டு பலகைக் கட்டை கிடையாது, அடி நிஜ அடி. அதைப் பார்க்க விடாதீர்கள்.

இரண்டு பாதியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதை நாடே பார்த்தது 2019 மே மாதம். பேஸ்புக்கில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று எங்கேயோ கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர், இதுதான் சுத்தியல், நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று எழுதப்போக, பதினெட்டு வருடம் முன்பு ஃப்ரெண்ட்ஸ் படத்தில் நேசமணியாக நடித்த வடிவேலு வாங்கிய அடிக்கு உலகம் முழுக்கப் பிரார்த்தனை ஓடியது. நேசமணி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தவர்கள் எல்லோரும் விளையாட்டுக்குத்தான் விசாரித்தார்கள். ஆனால் அடிபட்டதும் விசாரிப்பதுதானே வழக்கம், அதை அப்படியே நடித்துக் காட்டினார்கள்.

எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அது நம் கேத்தி ரயில் நிலையத்தில். மூன்றாம் பிறை, 1982. கடைசிக் காட்சியில், தன்னை மறந்துவிட்டு ரயிலில் கிளம்பும் ஸ்ரீதேவிக்கு ஞாபகப்படுத்த கமல் செய்வதை ஒலியில்லாமல் பாருங்கள்: சேற்றில் விழுகிறார், நொண்டுகிறார், கம்பத்தில் முட்டிக்கொள்கிறார், தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு குரங்கு மாதிரி ஆடுகிறார். ஒவ்வொன்றும் காமெடியின் அசைவு. லயத்தில் அந்தப் படம் போட்டால் சின்னப் பிள்ளைகள் கமல் முட்டிக்கொள்கிற இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஏன் சிரிப்பு வரவில்லை என்று எனக்குப் பல வருடம் குடைச்சல். அந்தப் பிளாட்பாரத்தில் யாரும் வந்து அவரைத் தூக்குவதில்லை. ரயில் போய்விடுகிறது, அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கேசட்டை நான் மூன்றாவது படமாக ஒருநாளும் போட்டதில்லை.

உங்கள் அப்பா இந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்றால் அவரும் ஏதாவது ஒரு முற்றத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். மூன்றாவதாக என்ன படம் போட்டார்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள், பெயர் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். என்னிடம் இன்னும் ஒரு அட்டைப்பெட்டி கேசட் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.